கிழிசல்னு ஒதுக்கின வேர்

இந்தப் பைய உங்க காலுக்கிட்ட கொஞ்சம் வெச்சுக்கறேன் தம்பி. மடியில வெச்சா பஸ்ஸு குலுக்குற குலுக்குல உள்ள இருக்குறது நொறுங்கிடும். ஒண்ணுமில்ல, வெங்காய வடகம். எம் பொண்டாட்டி போட்டது. பங்குனியில போட்டா, ஆவணியில போயிட்டா. வடகம் இருக்கு, ஆளு இல்ல.

நீங்க கும்பகோணம் வரைக்குமா? தங்கச்சி வீட்டுக்கா. எந்தப் பக்கம்? மகாமகக் குளத்துக்குத் தெக்கயா... அப்புடியா. சரி சரி.

நானும் கும்பகோணந்தான். ஞாயித்துக்கெழமன்னா இந்த வண்டிதான். எங்கன்னா கேக்கறீங்க? எங்கயும் இல்ல. பஸ் ஸ்டாண்டுல எறங்குவேன், ஒரு டீ குடிப்பேன், அடுத்த வண்டி புடிச்சு மன்னார்குடிக்கே திரும்பிடுவேன். இது ஒம்பதாவது வாரம். அந்தக் கண்டக்டரு என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிக்கிறாரு பாருங்க, அதுக்குத்தான். பைத்தியம்னு நெனச்சிருப்பாரு. நெனச்சுக்கட்டும்.

எம் பேரு பக்கிரிசாமி. எங்க ஊருக்குக் கெழக்க ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க லேப்ல உதவியாளா இருந்தேன். வேர் வெட்டுறது என் வேல. சிரிக்காதீங்க, மரத்து வேர் இல்ல. நெல்லு வேரு. நூல் மொத்தம்தான் இருக்கும். அதக் குறுக்கால வெட்டி மைக்ராஸ்கோப்புல வெக்கணும். ஒரு கேரட்டுத் துண்ட எடுத்து, நடுவுல கீறி, அந்தக் கீறல்ல வேர வெச்சு, புது பிளேடால கேரட்டோட சேத்து சீவணும். இழுத்து வெட்டணும், அமுக்கக் கூடாது. சீவினது தண்ணியில விழுந்தா கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதுதான் சீவல். மெஷின் வெச்சு வெட்டுறவனெல்லாம் வந்து என் கையப் பாத்துட்டுப் போயிருக்கான். இருபத்தாறு வருசத்துல இந்த வெரல் ஒரு நாள் நடுங்கினதில்ல.

எனக்கு ஒரு கொணம் தம்பி. உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன். வட்டம் முழுசா இருந்தா நல்ல சீவல். ஓரம் பேந்துருந்தா, நடுவுல பிஞ்சிருந்தா, அது கழிவு. மேலதிகாரி கேட்டாலும் அதான் சொல்லுவேன், மாமனாரு கேட்டாலும் அதான் சொல்லுவேன். அதுல என்ன தப்பு இருக்கு? நீங்களே சொல்லுங்க.

நாலு வருசத்துக்கு முன்னாடி எங்க நெலையத்துக்கு ரெஜினா மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. தங்கமானவங்க. நெல்லு வெட்டிக்கிட்டிருந்த என்கிட்ட மக்காச்சோளத்தக் குடுத்தாங்க. அறுப்பு முடிஞ்ச வயல்ல சோளம் போடுறாங்க, தண்ணி நின்னா அழுவிப் போவுது, ஆனா சில வகை மட்டும் தாங்குது, அது எப்புடின்னு பாக்கணும்னாங்க.

வேருக்கும் மூச்சு வேணும், தெரியுமா? தண்ணி நின்னா மண்ணுல காத்து இருக்காது. அப்ப வேரு என்ன பண்ணும்னா, தன் ஒடம்புல கொஞ்சத்தச் சாகக் குடுத்துடும். தோலுக்கும் நடு நரம்புக்கும் எடயில உள்ள சதை இருக்கு பாருங்க, அது செத்து, அந்த எடம் காலியாயி, குழல் மாதிரி ஆயிரும். தண்டுலேர்ந்து காத்து அது வழியா அடி வேர் வரைக்கும் எறங்கும். சரி, காத்துக்கு வழியாச்சு. சாப்பாடு? மண்ணுல உள்ள மணிச்சத்து, சாம்பல் சத்து, சுண்ணாம்பு எல்லாம் தோல் வழியா நொழஞ்சு நடு நரம்புக்குப் போயித்தான் மேல ஏறணும். நடுவுல இருந்த சதை செத்துப்போயி வெறும் ஓட்டையா இருக்கே, அது எது மேல நடந்து போவும்? இதான் மேடத்தோட கேள்வி. எனக்கே அது நல்ல கேள்வியாப் பட்டுச்சு.

சைக்கிள் சக்கரம் பாத்துருக்கீங்கல்ல? வெளிய வளையம், நடுவுல அச்சு, எடயில போக்ஸ் கம்பி. அந்த மாதிரி ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல சாகாம மிச்சம் இருக்குற சதை ஒரு இழையா நிக்கும். அந்த இழை எத்தன இருக்குன்னு எண்ணணும். செடியத் தலைய வெட்டிட்டா வேர்லேர்ந்து சாறு துளித் துளியா வரும். அதுல எவ்வளவு சத்து ஏறியிருக்குன்னு அளக்கணும். ரெண்டையும் சேத்துப் பாத்தா பதில் வந்துரும். இழை எண்ணுறதுக்கு வெட்டிக் குடுக்குறது நானு, எண்ணுறது எம் பொண்ணு.

ஆமா, எம் பொண்ணுதான். மதிவதனி. வீட்டுல வதனி. ஒத்தப் பொண்ணு. தாவரவியல் எம்.எஸ்ஸி. முடிச்சுட்டு வந்துச்சு, நாந்தான் மேடத்துக்கிட்ட கூட்டிட்டுப் போயி நிறுத்தினேன். காலையில ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் போவோம். பின்னாடி ஒக்காந்து பேசிக்கிட்டே வரும். என்ன பேசும்னு இப்ப கேட்டா எனக்கு ஞாபகம் இல்ல. காத்துல பாதி காதுல விழாது. சரி போ, வீட்டுக்குப் போயி கேட்டுக்கலாம்னு விட்டுருவேன்.

அந்த வருசம் ஐப்பசியில சென்னையிலேர்ந்து ஆய்வுக் குழு வந்துச்சு. மேடத்த நிக்க வெச்சுக் கேட்டாங்க. தண்ணியில நின்ன வேருக்கும் நிக்காத வேருக்கும் உள்ள ஏறக்குறைய ஒரே மாதிரிதான இருக்கு, ஓட்டைய எங்கம்மா காணும், இதுக்கு எதுக்கு ஒரு ஆராய்ச்சின்னு கேட்டாங்க. மேடம் மொகம் சுண்டிப்போச்சு. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. நான் என்ன பண்ண முடியும்? குடுத்த வேர வெட்டிக் குடுத்தேன்.

மறுநாள் எம் பொண்ணு என் மேசைக்குக் கீழ இருந்த அட்டைப் பெட்டியத் தொறந்துச்சு.

அதுல என்ன இருந்துச்சுன்னா, கழிவு. நான் எதையும் சட்டுன்னு தூக்கி எறியமாட்டேன் தம்பி. யாராச்சும் கேட்டா காட்டணும்ல. ஒவ்வொரு வேருக்கும் ஒரு சின்னக் குப்பி, உள்ள ஸ்பிரிட்டு, அதுல கிழிஞ்ச சீவலெல்லாம் கெடக்கும். எந்தச் செடி, எந்தத் தேதின்னு பென்சில்ல எழுதின துண்டுச் சீட்டும் உள்ளயே இருக்கும். பேனாவுல எழுதினா மை கரஞ்சு போயிரும், பென்சில்தான் நிக்கும். ஒரு பருவம் பூராவுக்கும் அப்புடி வெச்சிருந்தேன்.

வதனி ஒவ்வொண்ணா எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்துச்சு. காலையில ஒக்காந்தது மத்தியானம் சோத்துக்கு எந்திரிக்கல. அப்பறம் மேடத்தக் கூப்புட்டுச்சு. மேடத்தோட இன்னும் அஞ்சு பேரு வந்தாங்க. நானும் பக்கத்துலதான் நிக்கிறேன், பிளேடும் கையுமா.

“மேடம், இது கிழிசல் இல்ல. பிளேடு பட்டுக் கிழிஞ்சிருந்தா ஓரம் கூரா நிக்கும். இது சுருங்கி மடிஞ்சிருக்கு. வெட்டுறதுக்கு முன்னாடியே வேரு தானா விட்டுக்குடுத்த எடம் இது” அப்புடின்னுச்சு. சொல்லிட்டு என்னப் பாத்து, “அப்பா, கிழிஞ்சதுன்னு இந்த மாதிரி எத்தன குப்பி ஒதுக்கி வெச்சிருக்கீங்க?”ன்னுச்சு.

ஆறு பேரு முன்னாடி தம்பி. அதுல நேத்து சேந்த பையன் ஒருத்தன். அவனுக்கு பிளேடு புடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்.

நெல்லுன்னா ஓட்டையெல்லாம் வரிசையா, கோலம் போட்ட மாதிரி இருக்கும். இருபத்தாறு வருசம் அதத்தான பாத்திருக்கேன்? இந்தச் சோளம் ஒரு பக்கம் முழுக்கக் காலி, இன்னொரு பக்கம் ரெண்டு இழை, மூணு இழை தொங்கிக்கிட்டு நிக்குது. பாக்குறவன் யாரா இருந்தாலும் கிழிஞ்சதுன்னுதான் சொல்லுவான். நானும் கிழிஞ்சதத்தான் கிழிஞ்சதுன்னு வெச்சேன். அப்புடித்தான் அன்னைக்கும் சொன்னேன். மேடம் ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லல. “நல்லவேள, எறியாம வெச்சிருந்தீங்க அண்ணே”ன்னாங்க. அதுதான் இன்னும் வலிச்சுச்சு.

குழுக்காரங்க காணோம்னு சொன்ன ஓட்டையும், மேடம் கேள்விக்குப் பதிலும் அந்தக் குப்பியிலதான் இருந்துச்சு. அந்த வேரெல்லாம் ரெண்டே இழை, மூணே இழை வெச்சிக்கிட்டு நின்ன வேரு. ஆனா சாறு அளந்து பாத்தா சத்து கொறையவே இல்ல. முழுச் சதை இருந்த வேர்ல எவ்வளவு ஏறிச்சோ ஏறக்குறைய அவ்வளவு. மேடம் மைக்ராஸ்கோப்புல எடுத்த படத்துல அந்த இழையத் தொட்டுக் காட்டினாங்க. “இவ்வளவு மெல்லிசா இருந்துக்கிட்டு மொத்தத்தையும் இதுதான் தூக்கிக் குடுத்திருக்கு பாருங்க”ன்னாங்க. எனக்கு அதெல்லாம் காதுல ஏறல. நான் பிளேட மேசையில வெச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் போயி கிடங்குக்கு மாத்தல் கேட்டு வாங்கிக்கிட்டேன். அதுக்கப்பறம் நான் வேர் வெட்டல. மேடம் ரெண்டு தடவ ஆள் அனுப்புனாங்க. போவல.

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல, எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ பேரு தையல்நாயகி. தையுன்னு கூப்புடுவேன். வதனி ரெண்டடி தள்ளித்தான் நிக்குது. நான் அதப் பாக்காம சொன்னேன்: “தையு, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. இனிமே எனக்கும் அதுக்கும் பேச்சு இல்ல.”

தையு என்னப் பாத்தா. அதப் பாத்தா. பாத்துட்டு, “வதனி, அப்பா கை கால் கழுவிட்டு சாப்புட வரச் சொல்றாருடி”ங்கிறா.

என் காது கேக்கச் சொல்றா தம்பி! நான் சொன்னதென்ன, இவ சொன்னதென்ன. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். எனக்கு அன்னைக்கு இருந்த கோவத்துல அது மண்டையில ஏறல.

அப்பறம் ஒரு வருசம் ஒரே வீட்டுல பேசாம இருந்தோம். அது எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நான் கெளம்பிடுவேன். பின்னாடி சீட்டு காலியா இருக்குறப்ப வண்டி லேசா போவும், அது ஒரு மாதிரி இருக்கும். பொறவு அதுக்கு மேல்படிப்பு, கும்பகோணத்துல காலேஜு வேல, கல்யாணம். தாரை வாக்குறப்ப அது கை என் கைக்குள்ளதான் இருந்துச்சு. சில்லுன்னு இருந்துச்சு. நான் வாயத் தொறக்கல. அதும் தொறக்கல. தையுதான் நடுவுல நின்னுக்கிட்டு எங்க ரெண்டு பேருக்கும் மாறி மாறி முதுகத் தடவிக் குடுத்தா.

தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வரும். தையு போனத் தூக்கிக்கிட்டு கொல்லைக்குப் போயிருவா, தொவைக்கிற கல்லுக்கிட்ட. ஏண்டி உள்ள நின்னு பேசினா என்னன்னு கேட்டா, கூடத்துல சிக்னல் கெடைக்கல, இங்கதான் வருதும்பா. மழையில கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னு பேசியிருக்கா. நான் உள்ள ஒக்காந்துக்கிட்டு, “பெரிய படிப்பு படிச்சதும் பெத்தவன் கண்ணுக்குத் தெரியலயான்னு கேளு”ம்பேன். போயிட்டு இருபது நிமிசம் கழிச்சு வருவா. “கேட்டியா?” “கேட்டேன்.” “என்ன சொல்லுச்சு?” “ஒடம்பப் பாத்துக்கச் சொன்னுச்சு. பிரஷர் மாத்திரைய விட்டுறக் கூடாதாம்.”

ஒரு நாளு வந்து சொன்னா, “வதனி அழுவுதுங்க. ஆறு பேரு முன்னாடி அப்பாவ அப்புடிக் கேட்டிருக்கக் கூடாதும்மா, நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுன்னுச்சு”ன்னா. எனக்கு நெஞ்சு கொஞ்சம் எளகுச்சு, இல்லன்னு சொல்லமாட்டேன். அன்னைக்கு ரெண்டு தோசை கூடப் போடச் சொன்னேன். ஆனாலும், நேர்ல வந்து கேக்கச் சொல்லுன்னேன். வரும்னா. இன்னொரு நாளு, “அப்பா வெட்டுற மாதிரி எங்க காலேஜுல ஒருத்தருக்கும் வெட்டத் தெரியலம்மா, பசங்களுக்கு அப்பா கையப் பத்தித்தான் பாடம் எடுக்குறேன்”னு சொன்னுச்சாம். தீவாளிக்கு எனக்கு ஒரு சட்ட வந்துச்சு, வதனி அனுப்பினதுன்னா. வருசா வருசம் வந்துச்சு. இதோ போட்டிருக்கனே, இதுதான் கடைசியா வந்தது.

அப்பறமும் ஏன் பேசலன்னுதான கேக்கறீங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. மன்னிப்பு வந்துருச்சு, சட்ட வந்துருச்சு, தெனம் சேதி வந்துக்கிட்டிருந்துச்சு. எதுவும் நிக்கலயே தம்பி. எல்லாந்தான் வந்து சேந்துச்சே. அப்பறம் தனியா ஒரு பேச்சு எதுக்குன்னு விட்டுட்டேன்.

ஆடி மாசம் தையு கொல்லையிலேர்ந்து ஓடி வந்தா. அவ ஓடி நான் பாத்ததில்ல. “நீங்க தாத்தா ஆவப் போறீங்க. அப்பாகிட்டதாம்மா மொதல்ல சொல்லணும்னு சொன்னுச்சு”ன்னா. நான் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். கண்ணு கலங்குறத அவ பாத்துறக் கூடாதுன்னு. “வளைகாப்பப் போட்டு நீங்கதான் போயி அழைச்சுட்டு வரணும், தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதான்”ன்னா. “பாக்கலாம்”ன்னேன். போறேன்னு சொல்லியிருக்கலாம். பாக்கலாம்னுதான் சொன்னேன்.

ஆவணி எட்டாந்தேதி. சாயங்காலம் ஆறு மணி. போன எடுத்துக்கிட்டு கொல்லைக்குப் போனா. நான் கூடத்துல இருக்கேன். தொப்புன்னு ஒரு சத்தம். தேங்காதான் விழுந்துச்சுன்னு நெனச்சேன். அப்பறம் ஒண்ணும் கேக்கல, அதான் எந்திரிச்சுப் போனேன். கல்லு ஓரமா ஒருக்களிச்சுக் கெடக்கா. தொட்டேன். ஒண்ணுமில்ல. போயிருச்சு.

போன் பக்கத்துல தரையில கெடக்கு. அதுலேர்ந்து, “அம்மா... அம்மா... என்னாச்சும்மா?”ன்னு சத்தம் வருது. மூணு வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி, அந்தக் கொரல இவ்வளவு கிட்டக் கேட்டு. நான் போனக் கையில எடுத்தேன். காதுல வெச்சேன். “அம்மா, பேசும்மா”ங்குது. அமுத்தி வெச்சுட்டேன்.

அப்புடிப் பாக்காதீங்க. கல் நெஞ்சன் இல்ல நானு. என்னன்னு சொல்லுவேன்? எங்க வீட்டுல சேதி சொல்ற ஆளு அவதான். அவ கீழ கெடக்கா. இந்தச் சேதிய யாரு சொல்லுறது?

பக்கத்து வீட்டு மலர்க்கொடிதான் பொறவு போன் பண்ணிச் சொல்லுச்சு. எங்க கூடத்துல நின்னுக்கிட்டு, எங்க போன்லயேதான் பேசுச்சு. நல்லாக் கணீர்னு கேட்டுச்சு. நான் போன வாங்கிப் பாக்குறேன், சிக்னல் கோடு நாலும் முழுசா நிக்குது. கூடத்துல. எனக்கு அப்பக்கூட ஒண்ணும் ஒறைக்கல. மழை விட்டதால வருது போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுச்சு. சனமெல்லாம் சாப்புட்டுக் கெளம்பிருச்சு. மாப்பிள்ள வாசல்ல கார் எடுத்துக்கிட்டிருக்காரு. வதனி வந்து என் எதிர்ல ஒக்காந்துச்சு. தையு படத்துக்குக் கீழ. மாலை போட்ட படம். அப்பறம் கைய நீட்டுச்சு. கையில ஒரு வாட்ச்சு. “நீங்க வாங்கி அனுப்பினதுப்பா. தெனமும் இதக் கட்டிக்கிட்டுத்தான் காலேஜுக்குப் போறேன்”ன்னுச்சு.

மூணு வருசத்துல என்கிட்ட நேராப் பேசின மொத வார்த்த. ஆமாம்மான்னு சொல்லியிருந்தா என்ன? ஆமான்னு ரெண்டு எழுத்து. அதுக்கு நான் சொன்னேன், “எந்த வாட்ச்சு?”

அது மொகம் மாறிப் போச்சு. “அம்மாகிட்ட குடுத்து அனுப்பினீங்களே... நாந்தான் அவசரப்பட்டுட்டேன், எம் பொண்ணு பாத்ததுதான் சரி, அவளுக்கு என்ன விட நல்ல கண்ணுன்னு அப்பா அழுதுக்கிட்டே சொன்னாருடின்னு அம்மா சொன்னாளே...”ன்னுச்சு.

“நான் எங்க சொன்னேன்? நீதான அழுது மன்னிப்புக் கேட்டதா உங்கம்மா சொன்னா?”ன்னேன்.

“நான் எப்பப்பா கேட்டேன்? நான் பாத்தது தப்பில்லயே”ன்னுச்சு.

“அப்ப இந்தச் சட்ட?”

அதுக்குத் தெரியல. சட்டய இப்பத்தான் மொத மொதல்ல பாக்குது.

அந்த எடத்துல நிறுத்தியிருக்கணும் தம்பி. எனக்குத் தெரியுது. ஆனா நமக்குத்தான் ஒரு கொணம் இருக்கே. “அப்ப இத்தன வருசமா உங்கம்மா பொய்யாத்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்கா. ரெண்டு பேரையும் ஏமாத்தியிருக்கா”ன்னுட்டேன். படத்துக்கு முன்னாடி. பதினாறு நாளு ஆவுது அவ செத்து. பொய்யத்தான பொய்ன்னு சொன்னேன். நான் என்ன இல்லாததயா சொன்னேன்?

வதனி கத்தல. எனக்கு அது கத்தியிருந்தாத் தேவல. மெதுவாச் சொன்னுச்சு, “அம்மா பொய் சொல்லலப்பா. நம்ம நடுவுல அவ மட்டுந்தான் மிச்சம் இருந்தா”ன்னு. வாட்ச்சக் கழட்டி படத்துக்கு முன்னாடி வெச்சுச்சு. வவுத்துல ஒரு கைய வெச்சுக்கிட்டு, செவுத்தப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சுச்சு. கார் போற சத்தம் கேட்டுச்சு. நான் ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்திருந்தேன்.

அதுலேர்ந்து ஆறு மணிக்கு போன் வர்றதில்ல. நான் ஆறு மணி ஆச்சுன்னா கொல்லைக்குப் போயி அந்தக் கல்லுல ஒக்காந்துக்குவேன். என்னென்னவோ ஞாபகம் வரும். இவ அங்க நின்னு இருபது நிமிசம் என்னத்தப் பேசியிருப்பா? நான் சொன்ன வெசத்தையெல்லாம் எங்க கொட்டியிருப்பா? ஒரு பக்கம் நான் திட்டுறேன், அந்தப் பக்கம் அது என்ன திட்டுச்சோ தெரியல. ஒரு வார்த்தையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கசியவிடல அவ. எல்லாத்தையும் தன் நெஞ்சுலயே வெச்சுக்கிட்டா. நல்லத மட்டும் தானே உண்டாக்கி ரெண்டு பக்கமும் குடுத்திருக்கா. டாக்டரு சொன்னாரு, ரொம்ப நாளா நெஞ்சுல கோளாறு இருந்திருக்கணுமே, வீட்டுல யாரும் கவனிக்கலயான்னு. கவனிக்கலங்க. அவ சேதியெல்லாம் எங்க ரெண்டு பேரப் பத்தினதுதான். அவளப் பத்தி ஒரு சேதியும் யாரும் கொண்டு வரல.

இது ஏழாம் மாசம். கார்த்திகை பொறந்து இருபது நாளு ஆச்சு. இன்னும் ஒம்பது நாள்ல மார்கழி. மார்கழியில வளைகாப்பு போடமாட்டாங்க. வடகத்துக்கு ரொம்ப ஆசப்படும் அது, சின்னதுலேர்ந்தே. வடகம் தாளிச்ச வாசன வந்தாப் போதும், அடுப்படியில வந்து நிக்கும். அதான் எடுத்துக்கிட்டு கெளம்புறேன், ஒவ்வொரு ஞாயிறும். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து அது வீடு நடக்குற தூரந்தான். பாதி தூரம் போவேன். போயி கதவத் தட்டி என்ன சொல்லுறதுன்னு ஒத்திக பாப்பேன். எல்லாமே சண்ட மாதிரியே வருது தம்பி. வாம்மான்னு சொல்லணும்னு நெனச்சா, வந்துதான் ஆவணும்னு வருது. தப்புன்னு சொல்ல நெனச்சா, நீயுந்தானன்னு வருது. நல்ல வார்த்தய எனக்குச் சொல்லிப் பழக்கம் இல்ல. அத அவதான சொல்லிக்கிட்டிருந்தா. திரும்பிடுவேன்.

வலங்கைமான் வந்துருச்சு போல. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

நீங்க மகாமகக் குளத்துக்குத் தெக்கன்னு சொன்னீங்களே. எம் பொண்ணு வீடு அதுக்கு அடுத்த தெரு தம்பி. கோவிச்சுக்காதீங்க. இந்தச் சீட்டுல விலாசம் இருக்கு. பென்சில்ல எழுதினது, அழியாது. பச்ச கேட்டு, வாசல்ல மருதாணிச் செடி. இந்தப் பைய மட்டும் குடுத்துடுங்க. இந்த வாட்ச்சையும். ஓடிக்கிட்டுத்தான் இருக்கு பாருங்க, நிக்கல. கேட்டா, உங்கப்பாதாம்மா இத வாங்கினாருன்னு சொல்லுங்க. ஆமா. நான் வாங்கினதுன்னே சொல்லுங்க. கடைக்குப் போயி நானே பாத்துப் பாத்து எடுத்தேன்னு சொல்லுங்க.

அப்பறம்... இன்னும் என்ன சொல்லணும்னா...

வளைகாப்புக்கு நாள் பாத்துட்டேன், வந்து சேருன்னு சொல்லுங்க. வேண்டாம், அப்புடிச் சொல்லாதீங்க. அதட்டுற மாதிரி இருக்கு. அந்தக் குப்பி விசயத்துல, நான் பாத்தத வெச்சு நான் சொன்னது... வேண்டாம், அதும் வேண்டாம். அன்னைக்கு நான் போன அமுத்தி வெச்சது எதுக்குன்னா... ஐயோ, அதச் சொல்லவே சொல்லாதீங்க.

நீங்களே எதாச்சும் நல்லதாப் பாத்துச் சொல்லுங்க தம்பி. உங்களுக்கு என்ன தோணுதோ அது. நான் பஸ் ஸ்டாண்டுலயே, டீக்கடைக்குப் பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன். அது என்ன சொன்னுச்சுன்னு வந்து சொல்லிட்டுப் போங்க. அதும் நல்லதா இருந்தாச் சொல்லுங்க. இல்லாட்டியும் நல்லதாவே சொல்லுங்க.

நான் சொன்னத மட்டும் அதுகிட்ட சொல்லிடாதீங்க.